ஜாமீன் கையெழுத்து

பதிவுத் தபால்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மோட்டார்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துணி கையைவிட அழுக்காக இருந்தது. வார்னிஷ் பட்ட கட்டைவிரல் தாளில் ஒட்டி, கையெழுத்துக்குப் பக்கத்தில் தேன் நிறத்தில் ஒரு ரேகையும் பதிந்துவிட்டது. "கையெழுத்தும் போட்டாச்சு, கைநாட்டும் வச்சாச்சு. எது வேணுமோ எடுத்துக்கங்க" என்றார். தபால்காரர் சிரித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

கவரில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் முத்திரை இருந்தது. அவர் அதைத் திறக்காமல் மனைவியைப் பார்த்தார். அவள் கடையின் உள்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட, கைமெஷினில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கும்போது அவளிடம் யாரும் பேசக் கூடாது. ஒரு சுற்று தவறினால் காயில் சூடேறும், சூடேறினால் மோட்டார் மறுபடி புகையும், புகைந்தால் வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பார். அவள் இடது கையின் சுட்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். சற்றுப் பொறுங்கள் என்று அர்த்தம். ஆகவே கடிதத்தை அவர் தனியாகத்தான் படிக்க வேண்டியிருந்தது.

ஒருமுறை படித்ததில் புரியவில்லை. இரண்டாவது முறை புரிந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. மூன்றாவது முறை, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருந்த உங்கள் மைத்துனர், ஒப்பந்தப்படி மூன்று ஆண்டுகள் பணிபுரியாமல், இருபத்திரண்டு மாதங்களில் சொந்தக் காரணங்களுக்காக விலகிவிட்டார். அவருடைய பயிற்சிக்கான தொகை முழுவதையும் முப்பது நாட்களுக்குள் அவர் செலுத்த வேண்டும். தவறினால் ஜாமீன்தாரரான உங்களிடமிருந்து அது வசூலிக்கப்படும். கடைசிப் பத்தியில் மோட்டார்க்காரருடைய வீட்டின் கதவு எண் இருந்தது, கீழே கடை மேலே வீடு என்று அளவுகளோடு.

கைமெஷின் நின்றது. "யாரு போட்டிருக்கா?" என்றாள் மனைவி.

"உன் தம்பி வேலைய விட்டுட்டானாம்."

"அவன் லீவுலல்ல இருக்கான்? நேத்துகூடப் பேசினேனே."

"நானும்தான் முந்தாநாள் பேசினேன். வேலை எப்படிடா போகுதுன்னு கேட்டேன். போகுது மாமான்னான். போயே போச்சுன்னு சொல்லலை."

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன் அவள் தம்பி. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் இன்றைக்கும் 'சின்னவன்'தான். மாமனாரின் ஓய்வுக்காலப் பணம் மொத்தமும் விமானப் பள்ளியில் கரைந்திருந்தது. உரிமம் கையில் வந்தபிறகுதான், அது வெறும் நுழைவுச் சீட்டு என்று தெரிந்தது. பெரிய விமானம் ஓட்ட அந்த ரகத்துக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும். நிறுவனமே அதைக் கொடுக்கும், பதிலுக்கு மூன்று வருடம் அங்கேயே இருப்பதாகப் பாண்டு எழுதித் தர வேண்டும், சொந்தக் கட்டடம் உள்ள ஒருவர் ஜாமீன் போட வேண்டும். குடும்பத்தில் சொந்தக் கட்டடம் இருந்தது மோட்டார்க்காரருக்கு மட்டும்தான்.

அன்று அந்தப் பாண்டில் அவருக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. சொல்லப்போனால் அதிலிருந்த நியாயம் அவருக்குப் பிடித்திருந்தது. அவரிடம் ஒருவன் நான்கு வருடம் தொழில் கற்றான். எரிந்த காயிலை உளியால் வெட்டி எடுப்பதிலிருந்து, தாள் மடித்து வைப்பது, நூல் கட்டுவது, பல்பு வெப்பத்தில் வார்னிஷ் உலர்த்துவது வரை எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. அடுத்த தெருவில் கடை திறந்திருந்தான், அதுவும் அவருடைய கடையின் அதே நீல நிறப் பலகையோடு. அந்தக் கசப்பு அவர் நெஞ்சில் எட்டிக்காயாகக் கிடந்தது. "கத்துக் குடுக்கிறவன் கயிறு கட்டித்தான் கத்துக் குடுக்கணும். நமக்குத்தான் அந்தப் புத்தி இல்லை" என்று சொல்லிக்கொண்டே நிறுவனத்தின் தாள்களில் பதினான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டார். மாமனார்தான் பக்கத்தில் நின்று, "ஜாமீன் போடறவன் பேனாவோட சேத்து வீட்டுச் சாவியையும் குடுத்துட்டு வரணும்னு சொல்லுவாங்க மாப்பிள்ளை, யோசிச்சுக்கங்க" என்றார். அவர் யோசிக்கவில்லை. சின்னவன் ஓடிப்போகிறவன் இல்லை.

மறுநாள் காலை, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறிப் போனார். விமான நிலையத்துக்குப் பின்னால், ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்ற அடுக்குமாடிகளில் ஒன்றில் சின்னவன் இன்னும் மூன்று விமானிகளோடு அறை எடுத்திருந்தான். போகும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக இருந்தது. கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் அந்த நாலும் மறந்துபோயின. முகம் வீங்கியிருந்தது. குடித்திருக்கிறானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"தூங்கிட்டிருந்தியா? மணி பதினொண்ணு ஆகுது."

"மூணு வாரமா தூங்கிட்டுதான் இருக்கேன் மாமா. இன்னும் தீரலை."

உள்ளே நான்கு கட்டில்கள். ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாகக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பகலில் தூங்குகிறவர்களின் அறை. நாற்காலி இல்லாததால் இருவரும் எதிரெதிர் கட்டில்களில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மோட்டார்க்காரர் கடிதத்தை எடுத்து மெத்தையில் வைத்தார். சின்னவன் அதைத் தொடவில்லை.

"உங்களுக்கு வரும்னு தெரியும். அதுக்கு முன்னாடி நானே வந்து சொல்லணும்னு தினமும் கிளம்புவேன். சட்டை மாட்டுவேன், பட்டன் போடறதுக்குள்ள படுத்துருவேன்."

"வேற கம்பெனிக்காரன் எவனாவது கூப்பிட்டானா? சம்பளம் கூடவா?"

"இல்ல மாமா."

"அப்புறம் எதுக்குடா விட்ட?"

அவன் கறுப்புத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். குரலை உயர்த்தவில்லை. தொடர்ச்சியாக ஐந்தாவது நாள் அதிகாலை ட்யூட்டி. அன்று நான்கு பயணம். முந்தைய நாள் தாமதமாக இறங்கி, ஓய்வு நேரம் ஏட்டில் சரியாகவும் உடம்பில் பாதியாகவும் இருந்தது. நான்காவது பயணத்தில், மேலே போய் விமானம் தானாக ஓடும் நிலைக்கு வந்ததும், எதிர்வெயில் கண்ணில் அடித்தது. மறைப்பை இழுத்து விட்டான். அதுதான் அவனுக்கு நினைவிருந்த கடைசி விஷயம். விழித்தபோது காதில் யாரோ அவர்கள் விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலுத்துப்போன குரல். எத்தனையாவது தடவை என்று தெரியாது.

"கேப்டன் பதில் சொல்லுவாரேன்னு ஒரு செகண்டு பேசாம இருந்தேன். சொல்லலை. திரும்பிப் பார்த்தா, தாடை நெஞ்சுல முட்டிக்கிட்டு அவரும் தூங்கறார். ரெண்டு பேரும் தூங்கியிருக்கோம் மாமா. ஒன்பது நிமிஷம்."

ஒன்பது நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று மோட்டார்க்காரருக்குத் தெரியும். ஒரு காயில் சுற்றி முடிக்கும் நேரம்.

"இறங்கினதும் ஏன் பதில் சொல்லலைன்னு கேட்டாங்க. ஹெட்போன் பழுதுன்னு கேப்டன் எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். 'எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடா'ன்னார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் அதே ஹெட்போனைக் கழட்டிட்டு வேற மாட்டினாங்க. நல்லா இருந்த ஹெட்போன். அடுத்த நாள் நான் உள்ள போய் உக்கார்ந்தா கண்ணை மூடவே பயம், சிமிட்டக்கூடப் பயம். ஒரு வாரம் தாங்கினேன். சொந்தக் காரணம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"எங்ககிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீங்க வீட்டை விக்கணும்பீங்க. இல்லன்னா என்னைத் திரும்பப் போகச் சொல்வீங்க. ரெண்டையும் கேட்கற தெம்பு இல்ல மாமா."

அவனுடைய துணிகளை ஒரு பையில் அடைத்து, கையோடு கூட்டிவந்தார். பேருந்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். எச்சில் ஒழுகி சட்டை நனைந்தது. இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தும் எழுப்ப மனமில்லாமல் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள்.

அந்த வாரம் வக்கீலம்மாவின் தண்ணீர் மோட்டார் பழுதுக்கு வந்திருந்தது. நாலு தெரு தள்ளி இருக்கிறவர், வேலை வழக்குகள் பார்க்கிறவர். மோட்டாரை வாங்க வந்தவரிடம் மோட்டார்க்காரர் பாண்டையும் கடிதத்தையும் நீட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வார்னிஷ் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"இவங்க நிஜமா எவ்வளவு செலவு பண்ணாங்கன்னு பில்லு கேளுங்க. பயிற்சி குடுத்த இடமும் அவங்களோடது, குடுத்த ஆளும் அவங்க சம்பளத்துல இருக்கறவர். போட்டிருக்கற தொகை வாய்க்கு வந்த தொகை மாதிரி இருக்கு. அதோட, இருபத்திரண்டு மாசம் உழைச்சிருக்கார். அதைக் கழிக்கவே இல்லை. மூணு வருஷத்துக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் முழுத்தொகைன்னு எழுதியிருக்கு. இதெல்லாம் கேட்டா அவங்க கொஞ்சம் இறங்கி வருவாங்க."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான். பாண்டுன்னு ஒண்ணு இருக்கே, நீங்களும் பதினாலு இடத்துல போட்டிருக்கீங்களே." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "விட்டதுக்குச் சரியான காரணம் இருந்தா கதை மாறும். வேலை வாங்கற விதமே ஆபத்தா இருந்துச்சு, அதனாலதான் போனார்னா, அவங்க பதில் சொல்ல வேண்டியவங்க ஆயிடுவாங்க. ஆனா இவர் சொந்தக் காரணம்னு எழுதியிருக்காரே. அப்படி ஏதாவது இருந்தா சொல்லச் சொல்லுங்க, எழுத்துல."

வக்கீலம்மா கட்டணம் வாங்கவில்லை. மோட்டார்க்காரரும் கூலி வாங்கவில்லை. இருவரும் சிறிது நேரம் மரியாதைக்கு மல்லுக்கட்டிவிட்டுப் பிரிந்தார்கள்.

காரணம் இருந்தது. அதை எழுதினால் சின்னவனின் பொய்க் கையெழுத்தும் வெளியே வரும், உரிமம் என்ன ஆகும் என்று தெரியாது. அதோடு கேப்டனும் மாட்டுவார். சின்னவன் ஒரு நாள் கேப்டனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்து, பார்த்துவிட்டு, பேயறைந்த முகத்தோடு திரும்பினான்.

"சண்டை போட்டாரா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. கார் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னார். நான் எழுதப் போறேன்னு சொன்னேன். 'எனக்கு இன்னும் பதினாறு மாசம் பாக்கி இருக்கு'ன்னார்."

"எதுல பாக்கி?"

"அவரும் பாண்டுதான். கேப்டன் ஆக்கறதுக்கு ஒரு பயிற்சி குடுத்தாங்களாம், அதுக்கு ஒரு பாண்டு. அவர் சம்சாரத்தோட அப்பா வீட்டை ஜாமீன் குடுத்திருக்காராம். இத்தனை நாள் பக்கத்துல உக்கார்ந்திருக்கேன், எனக்கே தெரியாது."

மோட்டார்க்காரர் அந்தக் கேப்டனின் மாமனாரை நினைத்துப் பார்த்தார். எங்கேயோ முகம் தெரியாத ஒரு மனிதர், தன்னைப் போலவே பேனாவைப் பிடித்துப் பதினான்கு இடங்களில் போட்டிருப்பார். மருமகன் கேப்டன் ஆகிறான் என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொல்லியிருப்பார். சின்னவன் எழுதினால் இந்த வீடு நிற்கும், அந்த வீடு ஆடும். எழுதாவிட்டால் அந்த வீடு நிற்கும், இந்த வீடு போகும். மாமா என்ன சொல்கிறார் என்று சின்னவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுது என்று சொல்ல அவர் நாக்கு துடித்தது. ஆனால் அந்தத் துடிப்பின் அடியில் இருந்தது தன் கதவு எண் என்பதும் அவருக்குத் தெரிந்தது. எழுதாதே என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம், அப்புறம் காலமெல்லாம் அவனைக் குத்திக்காட்டாமல் இருக்கத் தன்னால் முடியாது என்பதும் தெரிந்தது. நீல நிறப் பலகை வைத்தவனை ஒன்பது வருடமாக மன்னிக்காத மனிதர் அவர். ஆனால் அவனாவது போக முடிந்தது. பிடிக்கவில்லை, போனான், வயிற்றெரிச்சலோடு முடிந்தது. அவன் வீட்டுப் பத்திரம் தன் பெட்டியில் இருந்திருந்தால், தூக்கம் சொக்கும் கண்ணோடு அவனைக் கரண்ட்டில் கை வைக்கச் சொல்லியிருப்போமா என்று கேட்டுக்கொண்டார். இல்லை என்று உடனே பதில் வரவில்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது.

கடைசியில் மனைவிதான் பேசினாள். புதுச் சுருளை மெஷினில் மாட்டிக்கொண்டே, தம்பியைப் பார்க்காமல் பேசினாள்.

"வீட்டுக்காக எழுதாத. வீட்டுக்காக எழுதாமயும் இருக்காத."

"அப்புறம் எதைப் பார்க்கறதுக்கா?"

"அன்னைக்கு பின்னாடி எத்தனை பேர் உக்கார்ந்திருந்தாங்க?"

"நூத்தி அறுபத்தெட்டு" என்றான். யோசிக்கவே இல்லை. "கைக்குழந்தை ரெண்டு. அது சேர்க்காம."

அவள் கம்பியின் நுனியைக் கட்டி, கைப்பிடியைச் சுழற்றி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்பதால் யாரும் பேசவில்லை. அவள் வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினாள் என்று மோட்டார்க்காரருக்குப் பட்டது. நூறைத் தாண்டியபோது சின்னவன் எழுந்து மாடிக்குப் போனான். அவன் போனபிறகும் அவள் நிறுத்தவில்லை.

மூன்று நாள் எழுதினான். மாடியில் இடம் இருந்தும், கடையின் மேசையில் செம்புத் துணுக்குகளை ஒதுக்கிவிட்டு, சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதினான். தனியாக இருந்தால் தூங்கிவிடுகிறேன் என்றான். முதலில் எழுதியதில் கேப்டனைப் பற்றி நிறைய இருந்ததாம், கிழித்துப்போட்டான். அடுத்ததில் கேப்டனே இல்லையாம், அது பொய் மாதிரி இருந்தது என்று அதையும் கிழித்தான். மூன்றாவதை மடித்து இரண்டு உறைகளில் வைத்தான். ஒன்று நிறுவனத்துக்கு, இன்னொன்று விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு. படிக்கிறீர்களா மாமா என்று நீட்டினான். "நான் படிச்சா ஏதாவது திருத்தத் தோணும். வேணாம்" என்று மோட்டார்க்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் சின்னவன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, இரண்டு உறைகளோடு கிளம்பிப் போனான். தெருமுனை திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று பதினோரு மணி வாக்கில் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். சாதாரணச் சட்டை. ஆனால் கால்சட்டையும், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த கறுப்புக் காலணியும் வேலையிலிருந்து நேரே வந்தவை. நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்தின மாதிரி இரண்டு பள்ளம். உள்ளே வராமல் நின்றபடியே சின்னவனின் பெயரைச் சொல்லி, இருக்கிறானா என்று கேட்டார். யாரென்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

"வெளிய போயிருக்கான். வர்ற நேரம்தான்" என்றார் மோட்டார்க்காரர்.

"எங்கேன்னு சொன்னானா?"

கடைக்குப் போயிருக்கிறான், டாக்டரிடம் போயிருக்கிறான், எத்தனையோ சொல்லலாம். "லெட்டர் குடுக்கப் போயிருக்கான்."

கேப்டன் தலையை ஆட்டினார். கோபமா, ஏமாற்றமா, வந்த காரியம் இனி இல்லை என்ற நிம்மதியா என்று அந்த முகத்தில் எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. போய்விடுவார் என்று நினைத்தார் மோட்டார்க்காரர். அவர் போகவில்லை.

"கொஞ்சம் உக்காரலாமா? காலைல மூணரைக்கு எந்திரிச்சது."

மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்த பழைய காயில்களை அள்ளி எடுத்துவிட்டுத் துணியால் துடைத்துப் போட்டாள். "டீ போடறேன், இருங்க" என்று மாடிக்குப் போனாள். கேப்டன் சுவரோரமாக அடுக்கியிருந்த மோட்டார்களைப் பார்த்தார். "இதெல்லாம் எரிஞ்சதா?" என்றார்.

"எல்லாமே. நிறுத்தாம ஓட்டுவாங்க. சூடாயிடும்."

கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. "நானும் ஒண்ணு எழுதி..." என்று ஆரம்பித்தவர், அவன் வரட்டும் என்பது போலக் கையை அசைத்துவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்தார். மோட்டார்க்காரர் அரைகுறையாகக் கிடந்த ஒரு முடிச்சைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் தூங்கியிருந்தார். தாடை நெஞ்சில் முட்டியிருந்தது. கை இரண்டும் மடியில் ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பது போல லேசாக வளைந்திருந்தன.

டீயோடு இறங்கிய மனைவி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு டம்ளரை மேசையில் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாள். தன் முக்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். ஆனால் மெஷினைத் தொடவில்லை.

சின்னவன் வந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. முத்திரை குத்திய இரண்டு ரசீதுகள் கையில் இருந்தன. கேப்டனைப் பார்த்தான். பையில் துருத்திய தாளைப் பார்த்தான். அருகில் போய், ஒரு கை தூரத்தில் நின்றான்.

"எழுப்பட்டுமா மாமா?"

அதற்குள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருந்த மோட்டார் மேசையில் தயாராக இருந்தது. வயரைச் செருகிப் பொத்தானைத் தட்டினால் போதும், தெருவே அதிர ஓடும். மோட்டார்க்காரர் உதட்டில் விரலை வைத்தார்.

"ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றார், கிட்டத்தட்டக் காற்றாக. வாடிக்கையாளர் நாற்காலியைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் தலையசைத்தார், ஸ்கூட்டரைக் கிளப்பாமல் தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போனார்.

மனைவி எழுந்து மேசை விசிறியின் தலையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். காற்று தரையில் கிடந்த தாள் துணுக்குகளைக் கிளப்பி, பளபளத்த கறுப்புக் காலணிகளைச் சுற்றிச் சேர்த்தது. சின்னவன் குனிந்து, சத்தம் வராமல் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான்.